நேஜுக்கு மச்சம் வந்த கதை

ஆக்சலாட்டல் வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கடைத் தொட்டியில் பார்த்த நிறம் ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளைக்குப் புள்ளி விழும். வெளிர்ந்தது மஞ்சளாகும். மஞ்சள் கலந்த பழுப்பு கரும்பச்சையாகும். இதில் நோயும் கிடையாது, கடைக்காரர் நம்மை ஏமாற்றியதும் கிடையாது. நிறம் மாறுவதிலேயே சில சமயம் நோயும் இருக்கிறது என்பது வேறு சங்கதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆக்சலாட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்கள் இங்கே பாதிப்பேராவது இருப்பீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு பள்ளத்துத் தண்ணீரில் நாமெல்லாம் தலைப்பிரட்டை பிடித்து விளையாடியவர்கள்தான். தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும், வால் சுருங்கும், ஒருநாள் தவளையாகித் தாவிப் போய்விடும். சாலமாண்டர் என்ற பிராணிக்கும் ஏறக்குறைய அதே கதை. குட்டியாகத் தண்ணீரில் செவுளோடு இருந்து, பெரிதானதும் செவுளைத் தொலைத்துவிட்டுக் கரையேறும். ஆக்சலாட்டல் அந்தச் சாலமாண்டர் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் கரையேற மாட்டேன் என்று அடம்பிடித்துத் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இறகு போன்ற செவுள்கள் கடைசிவரை அப்படியே இருக்கும். நான்கு கால், துடுப்பு போல வால், முகத்தில் எப்போதும் ஒரு அசட்டுச் சிரிப்பு. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வளர்ந்து, முட்டையிட்டுக் குடும்பமும் நடத்தும். அரைக்கால் சட்டையைக் கழற்றாமலே கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையும் பெற்றுவிட்ட ஆசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரம். அந்நகரின் தென்கோடியில் சொச்சிமில்கோ என்ற இடத்தில் பழைய ஏரியின் மிச்சமாகக் கால்வாய்கள் இருக்கின்றன. இயற்கையில் ஆக்சலாட்டல் வாழும் இடம் இன்று அது ஒன்றுதான். அங்கே இருப்பவை கரும்பழுப்பு அல்லது பாசிப்பச்சை, உடம்பெங்கும் பொன்தூள் தூவியது போன்ற பொடிப்புள்ளி. சேற்றுத் தண்ணீரில் அடியில் படுத்துக்கொண்டால் கொக்குக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. அப்படியிருந்தும் பிழைக்க முடியவில்லை. 1998-இல் எடுத்த கணக்கில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6000 இருந்தன. 2014-இல் 36. நகரத்துச் சாக்கடையும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் சேர்ந்து முடித்துவிட்டன. திலாப்பியா என்றால் வேறொன்றுமில்லை, நாம் ஜிலேபி என்று சொல்லும் அதே மீன்தான். நம்மூர் ஏரிகளில் அது என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும்.

சொந்த ஊரில் அழியும் நிலையில் உள்ள இந்தப் பிராணி உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இதற்கு மூலகாரணம் பிரெஞ்சுக்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தனிச் சுவாரசியம், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால். எங்களுக்கு மூன்றாம் நெப்போலியனின் மெக்சிகோ படையெடுப்பைப் பாடமாக வைத்தார்கள். மாக்சிமிலியானைச் சுட்டுக் கொன்றது வரை மனப்பாடம் செய்தோம். அந்தப் படை அங்கே இருந்த காலத்தில், 34 ஆக்சலாட்டல்கள் உயிரோடு கப்பலேறிப் பாரிஸ் வந்து சேர்ந்தன என்பதை ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. 1864-இல் அவற்றில் ஆறு, ஜார்தேன் தெ பிளான்த் தோட்டத்திலிருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பேராசிரியர் ஒகுய்ஸ்த் துய்மெரில் கைக்குப் போயின. ஐந்து ஆண், ஒரு பெண். மறு வருடமே அந்தப் பெண் முட்டையிட, குட்டிகள் ஏராளமாகப் பொரித்தன. அந்தக் குட்டிகளில் சில, யாரும் எதிர்பாராதபடி, சில மாதங்களில் செவுளை உதிர்த்தன, முதுகுத் துடுப்பு மறைந்தது, தோலில் மஞ்சள் புள்ளிகள் கிளம்பின. தொட்டிக்குள் நிறம் மாறியதிலிருந்துதான் துய்மெரிலுக்குப் புதிர் ஆரம்பித்தது. அதுவரை இது குட்டியா, முழுப் பிராணியா என்று கூவியே காலத்திலிருந்து சண்டை. இரண்டும்தான் என்று தொட்டியே தீர்ப்புச் சொன்னது.

கப்பலில் வந்த கூட்டத்தில் வெள்ளையும் இருந்தது. காட்டில் அபூர்வமாகப் பிறந்து, பிறந்ததும் எதற்காவது இரையாகியிருக்க வேண்டிய வெள்ளை. தொட்டியில் கொக்கு கிடையாது, எனவே பிழைத்தது, பெருகியது. இன்று நம் பேரப்பிள்ளைகள் பொம்மையிலும் தலையணையிலும் பார்க்கும் இளஞ்சிவப்புச் செவுள் வைத்த வெள்ளை ஆக்சலாட்டல் அந்த வழிதான்.

என் பேத்திக்கு 2018 நவம்பரில் பிறந்தநாளுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு வெள்ளைதான். மகளும் மருமகனும் பாரிஸின் வடக்குப் புறநகரில் ஆறாவது மாடியில் இருக்கிறார்கள். நாய் வளர்க்க வீட்டுக்காரர் ஒப்பமாட்டார், பூனைக்கு மருமகனுக்குத் தும்மல். எண்பது லிட்டர் தொட்டியில் ஏழு சென்டிமீட்டர் குட்டி ஒன்று வந்து இறங்கியது. பேத்தி அதற்கு நேஜ் என்று பெயர் வைத்தாள். பனி என்று பொருள். பிரெஞ்சில் பனி பெண்பால். பிராணி ஆண் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் பெயரில் பிரச்சினை அதற்கு முன்பே வந்துவிட்டது.

மார்ச் மாதம் வாட்ஸாப்பில் அழைத்தாள். "தாத்தா, நேஜ் அழுக்காயிடுச்சு. கழுவினாலும் போகல."

கழுவினாயா என்று பதறிப்போய்க் கேட்டேன். தண்ணீரை மாற்றியதைத்தான் சொல்லியிருக்கிறாள். படத்தில் பார்த்தால் நெற்றியில் மிளகுப்பொடி தூவியது போல ஏழெட்டுக் கரும்புள்ளிகள். மகள் கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு, பூஞ்சை பிடித்திருக்கிறது என்று ஒரு மருந்துப் புட்டியை விற்றுவிட்டான். 19 யூரோ. தண்ணீரில் கலந்துவிட்டு ஒரு வாரம் பார்க்க வேண்டுமாம்.

நான் மகளிடம் மூன்று கேள்வி கேட்டேன். புள்ளி தோலுக்கு மேலே பஞ்சு போல எழும்பி நிற்கிறதா, தோலுக்குள்ளே இருக்கிறதா? நாளுக்கு நாள் நகர்ந்து பரவுகிறதா? தீனி எடுக்கிறதா? தோலுக்குள்ளேதான் இருக்கிறது, இரண்டு வாரமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது, மண்புழுவை வெட்டிப் போட்டால் பாய்ந்து விழுங்குகிறது என்றாள். அப்படியானால் புட்டியைத் திறக்காதே என்றேன். எனக்கு அப்போது ஆக்சலாட்டல் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் வேலையில் இருந்த காலத்தில் வீட்டில் தங்கமீன் வளர்த்து, குஞ்சு பொரிக்கவைத்தும் பார்த்தவன். தங்கமீன் குஞ்சு தங்கமாகப் பிறப்பதில்லை. களிமண் நிறத்தில் பிறந்து, மாதக்கணக்கு கழித்துத்தான் செம்மஞ்சள் ஏறும். சிலது மேலும் வயதானால் வெளுத்தும் போகும். பூஞ்சையையும் பார்த்திருக்கிறேன். அது வெள்ளைப் பஞ்சாகத்தான் வரும், கரும்புள்ளியாக வராது.

மே மாதம் நானும் என் மனைவியும் மூன்று மாத விசாவில் போனோம். பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, நேஜும் நாங்கள் இருவரும்தான் வீட்டில். அந்த ஊர் நகராட்சி நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆக்சலாட்டலின் தோலில் மூன்று வகை நிறமிச் செல்கள். ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள், மூன்றாவது சொந்தமாக நிறமில்லாமல் வெளிச்சத்தைத் திருப்பி மின்னுவது. மூன்றுக்கும் பிறந்த இடம் ஒன்றே. கருவில் முதுகுத்தண்டு உருவாகும்போது அதன் மேல்விளிம்பில் இந்தச் செல்கள் தோன்றி, அங்கிருந்து கிளம்பி, முதுகிலிருந்து விலாவுக்கும் வயிற்றுக்கும் நடந்து போகின்றன. நடந்து போகின்றன என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஊர்ந்துதான் போகின்றன. நேஜ் போன்ற வெள்ளையில் செல்களைத் தயாரிப்பதில் குறை கிடையாது. கிளம்பிய செல்கள் போய்ச் சேருவதில்தான் தடங்கல். விலா, வயிறு, கால் எல்லாம் ஆளில்லாமல் வெள்ளையாகக் கிடக்க, தலை உச்சியிலும் முதுகுத்தண்டு ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் தங்கிவிடுகின்றன. குட்டி வளரும்போது தங்கியவையும் பெருகுகின்றன. முதல் வருடத்தில் நெற்றியில் புள்ளி விழுவது அதனால்தான். சிலதுக்கு நான்கைந்தோடு நிற்கும், சிலதுக்கு முகம் முழுக்க, செவுள் காம்பு வரைக்கும் வரும். சிலதுக்கு வராமலே போகும். எதற்கு எவ்வளவு வரும் என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கண் மட்டும் கறுப்பாக இருப்பது ஏன் என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. விழிக்குள் இருக்கும் கறுப்பு இந்த நடைப்பயணத்தில் வருவதில்லை. அது கண்ணோடு கண்ணாக அங்கேயே உண்டாவது. கறுப்பு நிறத்தைத் தயாரிக்கவே முடியாத இன்னொரு வகை இருக்கிறது, அல்பினோ. அதற்குக் கண்ணும் இளஞ்சிவப்பாக இருக்கும், புள்ளியும் வராது. வெள்ளை ஒன்றுதான், காரணம் வேறு.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, உன் நேஜுக்கு வியாதி, அசிங்கமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் தொட்டி மேல் துணி போட்டு மூடி வைக்க ஆரம்பித்தாள். வெளிச்சம் ஆகாது என்று ஒரு சாக்கு.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு இருபது வயதில் கையில் வெள்ளை விழுந்தது. 1964. இப்போது வெண்புள்ளி என்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் சொன்ன வார்த்தையில் குஷ்டமும் சேர்ந்திருந்தது. குஷ்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. ஆனாலும் நிச்சயம் ஆகவிருந்த இடம் நின்றுபோயிற்று. விசேஷ வீடுகளில் அவளுக்குக் காப்பி டம்ளர் தனியாக வரும். முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள், சித்திரை வெயிலிலும். மருத்துவர்கள் பின்னால் சொன்னது என்னவென்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் கறுப்பு நிறமிச் செல்களை அந்நியர் என்று நினைத்து அழிக்கிறது. அவ்வளவுதான். அக்கா எங்களோடுதான் கடைசிவரை இருந்தாள். என் மகளைத் தூக்கி வளர்த்ததும், அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் கைதான்.

பேத்தி அவளைப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் சொன்னேன். நேஜுக்குக் கறுப்பு போய்ச் சேரவில்லை, அத்தைப் பாட்டிக்கு இருந்த கறுப்பு போய்விட்டது, மனுஷனுக்கும் அந்தச் செல் கருவில் அதே முதுகு ஓரத்திலிருந்துதான் புறப்படுகிறது என்றேன். என் மகள் அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேத்தி ஒன்றும் பேசவில்லை. "அத்தைப் பாட்டி போட்டோ இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என் செல்பேசியில் இருந்தது. அதில் கை தெரியாது. மறுநாள் தொட்டி மேல் துணி இல்லை.

பிறகு அவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் நேஜின் தலையை மேலிருந்து படம் வரைந்து புள்ளிகளை எண்ணி எழுதுவது. அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் பதிவேடு பார்த்தவன் என்ற முறையில் கட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான். நம் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதுவார்களே, வலது கன்னத்தில் ஒன்று, இடது முழங்கையில் ஒன்று என்று. அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஓய்வூதியம் வரைக்கும் ஓட்டிவிடலாம். ஆக்சலாட்டலுக்குச் சான்றிதழ் எழுதினால் மாதா மாதம் திருத்தல் மனு வாங்க வேண்டியிருக்கும். மே மாதம் 11, ஜூன் கடைசியில் 19.

மற்ற நிறங்களைப் பற்றியும் கொஞ்சம். பொன்னிற அல்பினோ குட்டியில் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் செல்கள் வளர வளர எலுமிச்சை நிறத்துக்குப் போகும். வெள்ளை என்று வாங்கி மஞ்சளைக் கண்டு கோபித்துக்கொள்பவர்கள் உண்டாம். காட்டு நிறத்துக் குட்டி முதலில் மங்கிய மஞ்சள்பழுப்பாக இருந்து, போகப்போகக் கருமை ஏறித் திட்டுத்திட்டாகும், பொன்தூளும் தெளியும். இந்தக் காட்டு நிறம் தொட்டியின் அடித்தளத்துக்குத் தக்கபடியும் கொஞ்சம் மாறும். கருங்கல் போட்டால் கறுக்கும், வெள்ளை மணல் போட்டால் வெளிறும். முழுக் கறுப்பு என்று ஒரு வகை. மின்னும் செல்கள் இல்லாததால் அதன் கண்ணைச் சுற்றி மினுக்கும் வளையம் இருக்காது, அதுதான் அடையாளம். அல்பினோ தவிர மற்ற வகைகளில் ஏறக்குறைய ஒரு வயதில், பருவத்துக்கு வரும்போது, விரல் நுனி நிறம் மாறும். வெளிர்ந்தவற்றுக்கு நுனி கருக்கும், கறுத்தவற்றுக்கு நுனி வெளுக்கும். மருதாணி வைத்தது போல என்றாள் என் மனைவி.

இனி, கெட்ட நிறமாற்றம். அதை நான் 2019 ஜூலையில் நேரில் பார்த்தேன்.

ஆக்சலாட்டல் மலைமேல் ஏரியின் பிராணி. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு 2200 மீட்டருக்கு மேலே. 16 முதல் 18 டிகிரித் தண்ணீர்தான் அதற்குச் சுகம். 24 தாண்டினால் ஆபத்து. ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. அதற்கு முன் 1947-இல் 40.4 அடித்ததுதான் அந்த ஊரின் உச்சம். குளிருக்குக் கட்டிய வீடு, குளிர்சாதனம் கிடையாது, மொட்டைமாடிக்குக் கீழே ஆறாவது தளம். மின்விசிறி கடைகளில் தீர்ந்துவிட்டது. பாண்டியிலிருந்து போன எங்களுக்கே மூச்சு முட்டியது.

அதற்கு முன்தினமே தண்ணீர் 23-க்கு வந்துவிட்டது. நேஜின் செவுள் எப்போதும் நல்ல சிவப்பாக, ரத்தம் ஓடுவது தெரிகிற மாதிரி இருக்கும். அது ஓய்வில் இருக்கும்போது சற்று வெளிறுவதும் அசைந்தால் சிவப்பதும் வழக்கம், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அன்று காலையிலிருந்தே செவுள் வெளிறியபடி இருந்தது. இறகெல்லாம் முன்பக்கமாக மடங்கி, வால் நுனி கொக்கி போல் வளைந்து, மண்புழுவை மூக்கடியில் காட்டினாலும் திரும்பவில்லை. நெற்றிப் புள்ளி ஒன்றுகூட மாறவில்லை. எல்லோரும் மூன்று மாதமாக எந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்தார்களோ அது அப்படியே இருக்க, யாரும் பார்க்காத சிவப்பு போய்க்கொண்டிருந்தது.

ஜன்னல் பலகைகளை விடியற்காலையிலேயே சாத்தினோம். இருந்த ஒரே மின்விசிறியை எங்களுக்கு இல்லாமல் தொட்டித் தண்ணீர் மேல் வீசும்படி வைத்தேன். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு, நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தொட்டியின் வெளிப்புறம் ஈரத்துணி சுற்றினோம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்து ஒன்று மாற்றி ஒன்று மிதக்கவிட்டோம். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் அதற்கு அதிர்ச்சி, ஆகவே ஒவ்வொன்றாக. மத்தியானம் வரை 22-இல் பிடித்து வைத்தோம். இரண்டு மணிக்கு மேல் உறைபெட்டி ஈடுகொடுக்கவில்லை. 24 வந்துவிட்டது.

மகள் அலுவலகத்திலிருந்து ஒரு மிருகவைத்தியரை அழைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள், குளிர்பெட்டியில் வையுங்கள் என்று. நான் நம்பவில்லை, திரும்பக் கேட்கச் சொன்னேன். மூடியுள்ள டப்பாவில் குளோரின் நீக்கிய தண்ணீரில் அதை விட்டு, காய்கறி வைக்கும் அடித்தட்டில் வைக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு டிகிரி. தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்து நேராக உள்ளே வைக்காமல், டப்பாவைப் பனிப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்படியாகச் சூட்டை இறக்கிவிட்டு உள்ளே வைக்க வேண்டும். ஆக்சலாட்டல் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற வைத்தியமாம்.

"என்னங்க, தோசை மாவுக்குப் பக்கத்துல அதையா வைக்கப்போறீங்க?" என்றாள் என் மனைவி.

"மாவை எடுத்து வெளிய வை" என்றேன்.

"இந்த வெயில்ல ஒரு மணி நேரத்துல புளிச்சிடும்."

"புளிக்கட்டும்."

ஒன்றும் சொல்லாமல் மாவுப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள். கத்தரிக்காய், கேரட், லா ஷப்பேலிலிருந்து வாங்கி வந்த முருங்கைக்காய் எல்லாம் மேஜைக்கு வந்தன. பேத்தி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், சூடு இறங்கும்வரை. மாலை ஐந்து மணிக்கு நேஜ் உள்ளே போனது. இரவு முழுக்கக் கதவைத் திறக்கக் கூடாது என்று அதன் மேல் காகிதம் எழுதி ஒட்டினாள்.

மறுநாள் காற்று மாறியது, வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. தொட்டித் தண்ணீர் பழைய நிலைக்கு வர மேலும் ஒரு நாளானது. இரண்டு இரவு உள்ளே இருந்துவிட்டு, அதே போலப் படிப்படியாகச் சூடேற்றி 27-ஆம் தேதி தொட்டிக்கு மாற்றினோம். வெகுநேரம் கல்லுக்கடியில் அசையாமல் கிடந்தது. சாயங்காலம் பேத்தி கத்தின சத்தத்தில் நான் தூக்கத்திலிருந்து எழுந்தேன். செவுள் இறகுகள் பின்பக்கம் விரிந்து, வேரிலிருந்து நுனிக்கு ரோஜா நிறம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே ஏறியது. இரவு ஒன்பது மணிக்கு அரைப் புழு தின்றது.

அந்த ஞாயிறு நோட்டுப் புத்தகத்தில் பேத்தி ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டாள். புள்ளி 22, செவுள் சிவப்பு.

அந்த வருடம் செப்டம்பரில் விரல் நுனிகள் கருத்துவிட்டன என்று படம் அனுப்பினாள். வாலடியும் பருத்திருந்தது, ஆண்தான் என்று முடிவாயிற்று. பெயரை மாற்றப்போகிறாயா என்று கேட்டேன். பனி மேலே ஆள் நடந்தால் கறுப்பாகத்தானே இருக்கும் தாத்தா, பெயர் சரிதான் என்றாள். 41 புள்ளியோடு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். புதிதாக ஒன்றும் வரவில்லையாம். 19 யூரோ புட்டி சீல் உடைக்காமல் இன்னமும் அலமாரியில் இருக்கிறது, காலாவதியாகி.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன், எனக்கும் ஒன்று வாங்க வழி சொல்லுங்கள் என்று வந்தான். நம்மூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தொடுகிறது என்றேன். வருடம் முழுக்கத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் ஓட வேண்டும், கோடையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். குளிர்பெட்டியும் அதோடு நின்றுவிடுமே என்று அவனே சொல்லிவிட்டான். இப்போது குப்பி மீன் வைத்திருக்கிறான். ஆண் குஞ்சுகள் பிறக்கும்போது சாம்பல் நிறம், வளர வளரத்தான் வாலில் வண்ணம் வரும். ஒவ்வொன்றாக வருகிறது என்று தினமும் சாயங்காலம் வந்து கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான்.